வண்டி நின்ற இடங்கள்

ஆவணி 12, செவ்வாய்

கலைஞர் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. மலையாளத்துப் பக்கம் அணைகளை எல்லாம் ஒன்றாகத் திறந்துவிட்டு ஊர் ஊராக மூழ்கியது. இங்கே பவானியும் மேட்டுப்பாளையத்துப் பாலத்தை ஒரு மிரட்டு மிரட்டிவிட்டுத்தான் இறங்கியது. அந்த வருஷம் இது. வருஷத்துக்கு நம்பர் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. இப்படிச் சொன்னால் தப்பாது.

சொல்வது நான், சென்னியப்பன். எழுதுவது எங்கள் வீட்டு முன்பக்கத்தில் குடியிருக்கும் சுகுணா டீச்சர். எதற்கு இது என்றால், என் ஃபியட் போகிற வழியில் திடீர் திடீரென்று நின்றுவிடுகிறது. மெக்கானிக் ஆரோக்கியசாமி சொன்னான்: "என்னிக்கு நின்னுது, எந்த எடத்துல நின்னுது, சூடாயி நின்னுதா, எல்லாத்தையும் எழுதி வெய்யி. அப்பறம் பாக்கலாம்."

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். எனக்கு மறதியே கிடையாது என்பதும் தெரியும். இருந்தாலும் எழுது என்கிறான். அவனும் நானும் ரயிலடி டாக்சி ஸ்டாண்டில் பக்கத்துப் பக்கத்தில் வண்டி போட்டவர்கள். அப்புறம்தான் அவன் ஸ்பேனரைப் பிடித்தான். டாக்டர் சொன்னால் கேட்பதில்லையா, அந்த மாதிரி இதையும் கேட்கிறேன்.

கோளாறு ஆரம்பித்தது ஆடிப் பதினெட்டுக்கு அப்புறம். அன்று சிறுமுகைக்குப் போய்விட்டு வரும்போது இடது சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. தடக்கென்று ஒரு சத்தம். மறுநாளே பட்டறையில் விட்டேன். எதுவும் இல்லை என்று கொடுத்தான். அதிலிருந்துதான் நிற்கிறது.

ஆவணி 13, புதன்

வண்டி நிற்கவில்லை. எடுக்கவே இல்லை.

ஆவணி 19, செவ்வாய்

காலையில் எழுந்ததும் வண்டிக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் காப்பி. ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டால் தண்ணீர் மட்டம் தெரியும். ஆயில் குச்சியை உருவி இரண்டு விரலில் தேய்த்தால் கெட்டிப்பட்டதா, நீர்த்ததா என்று தெரியும். நாலு டயரையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பேன். பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணுவேன். பெடல் கீழே இறங்கினால் வண்டி வெளியே போகாது. கையால் பார்ப்பதை நம்பலாம். கண்ணால் பார்ப்பதில் பாதி ஏமாற்று.

சந்தைப்பேட்டை வாசலில் நின்றது. முதலில் இரண்டு இருமல், அப்புறம் மூச்சில்லை. வாழைத்தார் ஏற்றுகிற பசங்கள் வந்து தள்ளினார்கள்.

"அய்யா, வண்டிக்கு என்ன வயசுங்?"

"உங்கப்பன் வயசு."

"எங்கப்பனும் இப்புடித்தானுங், டீக்கடை வந்தா நின்னுக்குவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆறியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரே செல்ஃபில் எடுத்தது.

இடது பக்கக் கண்ணாடி உடைந்திருக்கிறது. சந்தையில் நிறுத்தியிருந்தபோது யாரோ இடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த ஊரில் யாருக்கும் ஒழுங்காக ஓட்டத் தெரியவில்லை.

ஆவணி 28, வியாழன். பிள்ளையார் சதுர்த்தி

கோயமுத்தூரிலிருந்து மகள் வசந்தாமணி கொழுக்கட்டையோடு வந்தாள். வந்ததும் வராததுமாக வண்டியைச் சுற்றி வந்தாள்.

"ஏம்ப்பா, இந்தப் பக்கம் பூராக் கோடு கோடா இருக்குதே?"

"பழைய வண்டீன்னா அப்புடித்தான் இருக்கும்."

"வலப் பக்கம் புதுசாட்டம் இருக்குது. எடது பக்கம் மட்டும் பழசாயிருச்சாக்கும்?"

கொழுக்கட்டை நன்றாக இருக்கிறது என்றேன்.

அவளுக்கும் எனக்கும் ஒரு பேச்சு உண்டு. அவள் அம்மா இறந்த வருஷமே என்னைக் கூப்பிட்டாள், அவர்கள் மூன்றாவது மாடி வீட்டுக்கு. என் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வருகிறவரைக்கும் இந்த வீட்டில் இருப்பேன், அதற்கப்புறம் நீ சொன்னபடி வருகிறேன் என்றேன். சரி என்றாள். ஆகவே வண்டி ஓடினால் நான் இங்கே. ஓடாவிட்டால் மூன்றாவது மாடி. டீச்சரம்மிணி, இதை அழுத்தி எழுதுங்கள்.

"ஆரோக்கியம் மாமா என்ன சொல்றாருங்ப்பா?"

"புதுசா ஏதோ மாத்தீருக்கறேன்னான்."

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

புரட்டாசி 7, ஞாயிறு

வசந்தாமணி சொன்னாளே என்று ரயிலடிப் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமுக்குப் போனேன். ஒரு சின்னப் பெண் எதிரே இருந்த போர்டைக் காட்டிப் படிங்க என்றது. எனக்கு எழுத்துத் தெரியாதுங்க என்றேன். பரவாயில்லீங்க தாத்தா, இதோ இந்த அட்டையில் கோடு எந்தப் பக்கம் பார்க்குதுன்னு கையைக் காட்டுங்க போதும் என்றது. படிக்காதவனுக்கு எதற்கு அட்டை என்று வந்துவிட்டேன். வெயில் வேறு.

தெருவில் போட்டிருக்கிற இந்தப் புது வெள்ளை விளக்குகள் சரியில்லை. ஒவ்வொன்றையும் சுற்றி வளையம் வளையமாக நிறம் தெரிகிறது. பழைய மஞ்சள் விளக்கில் இதெல்லாம் கிடையாது. முனிசிபாலிடியில் சொல்ல வேண்டும்.

புரட்டாசி 13, சனி

புரட்டாசிச் சனி. காரமடைப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டம். நானும் போனேன். போவதற்கு முன்னாடி பட்டறைக்குப் போய், வண்டி தாங்குமா என்று ஆரோக்கியத்திடம் கேட்டேன்.

"அவ்வளவு தூரம் போவோணுமா சென்னி? பஸ்ஸு போகுதல்ல?"

"வண்டி வெச்சிருக்கறது எதுக்கு? பூ வெச்சுக் கும்புடறதுக்கா?"

பானெட்டைத் திறந்து என்னவோ பண்ணி மூடினான். புதுக் கண்டன்சர் மாட்டியிருக்கிறேன் என்றான். கண்டன்சர் என்பது கட்டைவிரல் நுனி மாதிரி ஒரு தகரக் குப்பி. பொறி ஒழுங்காக வருவதற்கு அதுதான் காவல். அது கெட்டிருந்தால் குளிரில் நன்றாக எடுக்கும், சூடு ஏறியதும் பொறி செத்து வண்டி நிற்கும், ஆறினால் மறுபடி எடுக்கும். என் வண்டி செய்வது அத்தனையும் அதுதான். அதனால்தான் அவன் அதையே மாற்றிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன்.

இஞ்சினை அதட்டாமல் மெள்ள ஓட்டினேன். காரமடை கேட் திறந்திருந்தது. முன் சக்கரம் தண்டவாளத்தில் ஏறியது. அங்கே நின்றது.

இருமல்கூட இல்லை. செல்ஃப் அடித்தேன், அடித்தேன். கேட்காரர் பச்சைக் கொடியைக் கீழே போட்டுவிட்டுச் சிவப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "எறங்கு பெருசு, எறங்கு" என்று கத்துகிறார். இறங்கவில்லை. இறங்கினால் ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? கோயிலுக்குப் போன ஜனம் தேங்காய்ப் பையோடு வந்து தள்ளியது. ஒரு அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒரு கையால் தள்ளினார்.

கேட் மூடிக் கொஞ்ச நேரத்தில் கோயமுத்தூர் ரயில் போயிற்று. நான் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து அது போவதைக் கேட்டேன்.

பெருமாளைப் பார்க்கவில்லை.

புரட்டாசி 15, திங்கள்

ஆரோக்கியத்திடம் கேட் விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். அப்புறம் எடுத்தான். மறுபடி வைத்தான்.

"எங்க நின்னுது?"

"தண்டவாளத்து மேல."

"மேலயேவா?"

"மேலயேதான்."

"இனி அந்தப் பக்கம் போகாத சென்னி. இந்த வண்டிக்கு ஆயுசு முடிஞ்சுது. வித்துப் போடு."

எந்த வண்டியையும் விற்றுவிடு என்று சொல்லி நான் அவன் வாயிலிருந்து கேட்டதில்லை. மலையில் உருண்ட வண்டியைக்கூட, நிமிர்த்தினால் ஓடும் என்பவன் அவன்.

புரட்டாசி 18, வியாழன்

நின்றது. தபாலாபீஸ் முன்னால்.

புரட்டாசி 24, புதன்

இன்றைக்கு ஸ்டாண்டு வழக்கம் ஒன்றை மீறினேன். அதை முதலில் சொல்ல வேண்டும்.

ஒருத்தன் பூட்டியதை இன்னொருத்தன் கழற்றிப் பார்க்கக் கூடாது. அது எங்கள் ஸ்டாண்டில் எழுதாத சட்டம். ராத்திரி மலை இறங்குகிற வண்டிக்குப் பகலில் ஒருத்தன் பிரேக் பூட்டியிருப்பான். அவன் பூட்டினான் என்றால் பூட்டினான். திறந்து பார்த்தால் அவன் கையை நம்பவில்லை என்று அர்த்தம். அதற்கப்புறம் அவனோடு ஒரே டம்ளரில் டீ குடிக்க முடியாது. அதனால் ஆடியிலிருந்து இன்றுவரைக்கும் ஆரோக்கியம் தொட்ட இடத்தில் நான் கை வைக்கவில்லை.

இன்றைக்கு வைத்தேன். தண்டவாளம் மனதை விட்டுப் போகவில்லை. ஊட்டி ரோட்டுக் கடையில் நானே ஒரு கண்டன்சர் வாங்கிவந்து, பழையதைக் கழற்றினேன். திருகாணியைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வீட்டு வாசலில் வெளிச்சம் போதவில்லை. பகல் பதினோரு மணிக்கு என்ன வெளிச்சம் போதவில்லை என்று டீச்சரம்மிணி கேட்கிறார். மரநிழல் இருக்கிறது.

கழற்றிய குப்பியைக் கையில் வைத்துத் துடைத்தேன். திருகாணி போகிற காது ஒரு பக்கம் சாய்வாக ராவியிருந்தது.

அதை ராவியது நான். ராஜீவ் காந்தியைக் கொன்ற வாரம், ஊரெல்லாம் கடையடைப்பு. குன்னூரில் வண்டி நின்று, ஒரு கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி வேறு வண்டியின் கண்டன்சரை வாங்கினேன். காது பொருந்தவில்லை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து அரத்தால் ராவி மாட்டினேன். ஊருக்கு வந்ததும் சரியானதைப் போட்டுக்கொண்டு அதை ஆரோக்கியத்திடம் கொடுத்தேன். பாதி செத்தது, சூட்டில் நிற்கும், இருந்தாலும் அவசரத்துக்கு ஆகும் என்று அவன் பிஸ்கட் டின்னில் போட்டான். கழற்றிய எதையும் நாங்கள் எறிய மாட்டோம். எறிந்திருந்தால் இன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்காது.

புதுசு என்று சொல்லி எனக்கு இதை மாட்டியிருக்கிறான்.

டீச்சரம்மிணி பேனாவை நிறுத்திவிட்டு, "தெரியாம மாட்டீருப்பாருங்க" என்றார். பிஸ்கட் டின்னில் இருக்கிற ஒவ்வொரு திருகாணியும் எந்த வண்டியுடையது என்று அவனுக்குத் தெரியும். எழுதுங்கள் என்றேன்.

புரட்டாசி 25, வியாழன்

கல்லாறு வரைக்கும் போய் வந்தேன். இஞ்சின் கொதிக்கக் கொதிக்க ஓட்டினேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பாட்டு மாதிரி ஓடுகிறது.

பாக்குத் தோப்புத் திருப்பத்தில் இடது பக்கமாக யாரோ கத்தினார்கள். யாரை என்று தெரியவில்லை.

ஐப்பசி 1, வியாழன். ஆயுத பூஜை

வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து ஏற்றி, நேராகப் பட்டறைக்குப் போனேன். ஸ்பேனர்களுக்கெல்லாம் சந்தனம் வைத்து வரிசையாக அடுக்கியிருந்தான். மாதா படத்துக்கும் அதே சந்தனம், அதே செவ்வந்தி. வருஷா வருஷம் அப்படித்தான்.

"வா சென்னி. பொரி எடுத்துக்க."

பொரித் தட்டில் அந்தக் கண்டன்சரை வைத்தேன்.

"இது யாருது?"

அவன் கையில் எடுத்துப் பார்க்கவே இல்லை. "உன்றதுதான்."

"புதுசுன்னு சொன்னே."

"சொன்னேன்."

"மாட்டுன வாட்டியெல்லாம் சொன்னே."

"ஆமா."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். "தண்டவாளத்துல நின்னுதுடா. கோயமுத்தூர் வண்டி வந்துதுடா. எத்தன பேரு வந்து தள்ளுனாங்க தெரியுமா? கைக்கொழந்தையோட ஒரு அம்மா."

"மூணு தெருவு தாண்டாதுன்னுதான் மாட்டுனேன். வேற எவன் ஓட்டீருந்தாலும் சந்தைப்பேட்டையிலயே நின்னுருக்கும். நீ சூடே ஏத்தாம அத்தன தூரம் கொண்டு போவேன்னு நான் நெனைக்கல. என்ற கணக்குத் தப்பிப் போச்சு. அதுக்கப்பறம் எனக்குச் சோறு எறங்கல சென்னி."

"அதுக்கப்பறமும் கழட்டலியே நீ."

அவன் ஒரு ஸ்பேனரை எடுத்து வரிசையை நேராக்கினான்.

"வசந்தாமணி சொன்னாளா?"

"அவ சித்திரையிலயே வந்து, வண்டிய ஓடாமப் பண்ணீருங்கன்னு அழுதா. என்றனால ஆகாது, அவன் வண்டியில நான் கெட்ட கை வெக்க மாட்டேன்னு அனுப்பிச்சுட்டேன். அப்பறம் ஆடிப் பதனெட்டு."

"ஆடிப் பதனெட்டுக்கு என்ன?"

"பள்ளத்துல எறங்குச்சுன்னு வண்டிய உட்டுட்டுப் போனயே. பம்பர்ல வாழ நாரு சுத்தியிருந்துது. சேலத் துண்டு ஒண்ணு. பஸ் ஏறிப் போயி விசாரிச்சேன். எலக்கட்டுத் தூக்கற பொம்பள. வாய்க்கால்ல போயி உழுந்து கெடந்திருக்கறா. கை முறிஞ்சு போச்சு. சாம்பக் கலரு வண்டி, நிக்காமப் போச்சுன்னு சொல்றா. யாருன்னு அவளுக்குத் தெரியல."

"பள்ளம்டா அது."

"பள்ளத்துக்குப் பேரு இருக்குது சென்னி. மாரக்கா."

பட்டறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஆரோக்கியம் அதை நிறுத்தினான்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கோணும்."

"சொன்னா சாவியக் குடுத்திருப்பயா? கண்ணுல கோளாறு, காட்டுன்னு போன வருஷம் சொன்னதுக்கு, உன்ற பட்டறையில லைட்டு சரியில்லைன்னே."

"என்னத் திட்டியிருக்கலாம். கையப் புடிச்சுச் சாவியப் புடுங்கியிருக்கலாம். வண்டியப் பொய் சொல்ல வெச்சயேடா. அது எங்கிட்ட ஒரு நாளும் பொய் சொன்னதில்ல."

அவன் பொரித் தட்டை எடுத்து வேறு பக்கம் வைத்தான்.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். வண்டி பட்டறையில் நிற்கிறது. விட்டுவிட்டு வந்தேன் என்று எழுத வேண்டாம். எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஐப்பசி 2, வெள்ளி

டீச்சரம்மிணி நோட்டோடு வந்தார். சொல்ல ஒன்றும் இல்லை என்றேன்.

ஐப்பசி 4, ஞாயிறு

வசந்தாமணி போனில் அழுதாள். நான் அழவில்லை. மூன்று மாதமாக நீயும் அவனும் என் முன்னால் எப்படிச் சிரித்துப் பேசினீர்கள் என்று மட்டும் கேட்டேன். நடிப்புத்தானுங்ப்பா, என்ன பண்ணட்டும் என்றாள். கொழுக்கட்டையும் நடிப்பா என்றேன். போனை வைத்துவிட்டேன்.

மறதியே இல்லாதவனுக்கு இது ஒரு தண்டனை. ஆடியிலிருந்து அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அப்படியே காதில் இருக்கிறது. "பொறு சென்னி, இப்ப எடுத்துப் பாரு." "பிளக்குதான் சென்னி, வேற ஒண்ணுமில்ல." எல்லாவற்றையும் மறுபடி கேட்கிறேன். ஒவ்வொன்றாக அழுகிப்போகிறது. பக்கத்திலேயே பழைய வார்த்தைகளும் இருக்கின்றன, குஞ்சப்பனையில் பாறை உருண்டு வண்டி மாட்டிய மழை நாளில் அவன் கோத்தகிரியிலிருந்து நடந்தே இறங்கி வந்தது, என் கல்யாணத்துக்கு அவன் வண்டிக்கு வாழை கட்டியது. அவற்றையும் சந்தேகமாகத்தான் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஐப்பசி 6, செவ்வாய்

டீச்சரம்மிணி ஒரு அட்டையில் கோடு போட்டுக்கொண்டு வந்து தின்பண்டம் கொடுக்கிற மாதிரி நீட்டினார். வலது கண்ணை மூடச் சொன்னார். எந்தப் பக்கம் என்று கேட்டார்.

அட்டை எங்கே என்று கேட்டேன்.

ஐப்பசி 8, வியாழன்

சிறுமுகைக்குப் போக வேண்டும். மாரக்காவைப் பார்க்க வேண்டும். என்ன சொல்வது என்று தெரியவில்லை. போய் நின்றால் வாய் ஏதாவது சொல்லும்.

பஸ்ஸில் போகலாம், நானும் வருகிறேன் என்கிறார் டீச்சரம்மிணி. பஸ்ஸில் போய் இறங்கினால் நான் யாரோ ஒரு கிழவன். அந்த அம்மா பார்த்தது சாம்பல் கலர் ஃபியட்டை. நிற்காமல் போனது அது. அது போய் அவள் வாசலில் நிற்க வேண்டும். அப்புறம் அவள் என்ன சொன்னாலும் சரி, போலீசைக் கூப்பிட்டாலும் சரி.

ஓட்டுவதற்கு ஆள் வேண்டும். ஓட்டப்போவது நானில்லை. இதை ஒரு தடவை சொன்னால் போதும், திரும்பக் கேட்காதீர்கள்.

ஆக்டிங் டிரைவரை அனுப்புகிறேன் என்று வசந்தாமணி சொல்கிறாள். நேற்று ஒருத்தன் வந்தான். காதில் ஒயர், பேச்சு பூரா அதில்தான். நான் சொல்வதை அவன் எப்படிக் கேட்பான்? அனுப்பிவிட்டேன். அந்தப் பாதையில் இரண்டு பக்கமும் ஜனம் நடக்கும், இலைக்கட்டுத் தலையை மறைக்கும். தெரிந்த கை வேண்டும்.

தெரிந்த கைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். சின்னான், இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் கியரிலேயே வண்டியைப் பிடிப்பான். சுனாமி வந்த மார்கழி மாதம் மஞ்சள் காமாலையில் போனான். வகாப் பாய் பக்கத்தில் ஆள் நடந்தால் சைக்கிளைவிட மெள்ளப் போவார். ஐந்நூறு ரூபாய் செல்லாது என்று சொன்னார்களே, அந்த வாரம் பேங்க் வரிசையில் உட்கார்ந்தவர் எழவில்லை. காளிங்கனை எடுத்த அன்று ஜெயலலிதா அம்மா இறந்து கடையெல்லாம் மூடிக் கிடந்தது, ஒரு மாலை கிடைக்கவில்லை. தொட்டம்மாள் மகன் ராசு, மாடு குறுக்கே வந்தாலும் ஹார்ன் அடிக்காமல் இறங்கிப் போய் ஓட்டிவிட்டு வருவான். அவனை ஜல்லிக்கட்டுக்குப் பிள்ளைகள் கடற்கரையில் உட்கார்ந்த வருஷம் புதைத்தோம்.

அவ்வளவுதானுங்களா என்று கேட்கிறார் டீச்சரம்மிணி. பேனாவை மூடப் போகிறார்.

இன்னும் ஒருத்தன் இருக்கிறான். நான் அவனை மன்னிக்கவில்லை, அதையும் சேர்த்து எழுதுங்கள். அவனோடு பேச மாட்டேன். பக்கத்து சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் ரயிலடி ஸ்டாண்டில் என்னோடு வண்டி போட்டவர்களில் இன்றைக்கு உசுரோடு இருப்பவன் அவன் ஒருத்தன்தான். போன் போட்டுக் கூப்பிடுங்கள், அம்மிணி. பெயர் ஆரோக்கியசாமி.